மழைக்கு மறுநாள் அளவுகள்

மார்ச் 4

தங்கை இன்று மூன்றாவது குழாயையும் நட்டுவிட்டாள். சதுப்பு நிலத்தின் நடுவே முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு சிரிக்கிறாள். குழாய்க்குள் நாடாவை இறக்கி நீர்மட்டம் பார்க்கும் வேலை — இதற்கு என்ன சிரிப்பு? ஆய்வு நிலையத்தில் இடம் காலியாக இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னதே நான்தான். எனக்கு நன்றாக வேண்டும்.

பதினோரு வருடமாக மண்மேல் மூடியைக் கவிழ்த்து, அது விடும் கரியமில வாயுவை அளக்கிறேன். ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. அவள் வந்து ஆறே மாதம். நிலையத் தலைவரம்மா தினமும் அவள் மேசைக்குப் போய் நிற்கிறார்.

மார்ச் 9

அம்மா போனில் அரை மணி நேரம் தங்கச்சி புராணம். வைக்கும்போது, "உனக்கும் வேலை போகுதுல்ல?" என்று ஒரு கேள்வி. போகிறது.

மார்ச் 21

கூட்டம். தங்கை நிலையத்தின் பழைய பதிவேடுகளைத் தோண்டி எடுத்து வந்திருந்தாள். கோடையில் நீர்மட்டம் முன்பைவிட ஒன்றரை அடி கீழே போகிறதாம், ஐந்து வாரம் அங்கேயே கிடக்கிறதாம். வெயில் ஏற ஏறத் தண்ணீர் ஆவியாவது கூடுகிறது. மழை தள்ளிப்போகிறது, வந்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"தண்ணி மூடியிருக்கிற வரைக்கும் அடியில கிடக்கிற பழைய இலை தழை சரியா மக்காது. தண்ணி இறங்கினா காத்து உள்ள போகும், மக்கும், கரியமில வாயு வெளிய வரும். அது சூட்டைக் கூட்டும். சூடு இன்னும் தண்ணியை இழுக்கும். இந்த நிலம் இப்ப கார்பனை வாங்குதா, விடுதான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

வாங்குகிறது என்று பதினோரு வருடமாகச் சொல்பவன் நான். நிலைய வாசல் பலகையில் எழுதியிருப்பது என் கணக்கு. என் கண் முன்னாலேயே எல்லோரும் அவளுக்குத் தலையாட்டினார்கள். வயிறு எரிந்தது. வேறு எப்படி எழுத?

மார்ச் 22

கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, உன் கணக்குல மழைக்கு மறுநாள் அளவு ஒண்ணுகூட இல்லையே, ஏன்?"

"ஈரத்துல மூடி சரியா உட்காராது."

"அளக்கவே இல்லையா?"

"இல்ல."

பொய். ஒவ்வொரு மழைக்கு மறுநாளும் போயிருக்கிறேன். காய்ந்துகிடந்த மண்ணில் மழை விழுந்தால் மறுநாள் எண் நாலு மடங்கு, ஐந்து மடங்கு எகிறும். கருவிக்குள் ஈரம் போய்விட்டது என்று முதல் வருடமே நானாக முடிவு கட்டி, சிவப்புப் பென்சிலால் அடித்தேன். அப்புறம் அதுவே பழக்கம். மொத்தம் எண்பத்து மூன்று நாட்கள்.

மார்ச் 23

ஆய்வறையில் போன கோடையின் உலர்ந்த மண் ஒரு டப்பா இருந்தது. தண்ணீர் தெளித்து, நிலையத்தின் புதுக் கருவியை வைத்தேன். இன்று மாலை பார்த்தால் அதே எகிறல்.

கருவிக் கோளாறு இல்லை. மண்ணுக்குள் முடங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் ஈரம் பட்டதும் ஒரேயடியாக எழுந்து மூச்சு விடுகின்றன. படித்ததுதானே இது? வறண்ட மண்ணுக்குத்தான் அப்படி, எப்போதும் தண்ணீரில் ஊறும் நிலத்துக்கு இல்லை என்று நினைத்துவிட்டேன். எப்போதும் ஊறவில்லை, முட்டாளே. அதைத்தானே அவள் ஆறு மாதமாக அளக்கிறாள்.

மார்ச் 24

அடித்ததையெல்லாம் சேர்த்துக் கூட்டினேன். கடைசி நாலு வருடம் இந்த நிலம் வாங்கியதைவிட விட்டது அதிகம்.

அவள் சொன்னது சரி. சனியன், சரி.

ஏப்ரல் 2

சொல்லவில்லை.

மே 6

தங்கை ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்துவிட்டது. நீர்மட்டம் இறங்கியது சரி, கார்பன் வெளியேறுகிறது என்பதற்கு அளவு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "உங்க தங்கச்சி கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க" என்றார் தலைவரம்மா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நோட்டில்கூட மறைத்து என்ன ஆகப்போகிறது.

மதியம் பின்கட்டில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். சேறு எப்போதோ போய்விட்டது, இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் தப்பா நினைச்சுட்டேன் போலண்ணா. உன் கணக்கை அவ்வளவு பேர் முன்னாடி சந்தேகப்பட்டிருக்கக் கூடாது. குழாய் எல்லாத்தையும் எடுத்துடட்டுமா?"

எடு — நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்ன மனுஷன்டா நான்? கூடப்பிறந்தவ உடைஞ்சுபோய் நிக்கிறா, அவகிட்டப் போயி ஜெயிக்கணுமா? "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

மே 7

பதினோரு நோட்டையும் அவள் மேசையில் வைத்தேன். "மழைக்கு மறுநாள் அளந்திருக்கேன். அடிச்சதையும் சேர்த்துப் படி." அங்கேயே நின்றால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். வந்துவிட்டேன்.

மே 8

நான் அடித்த எண்களை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். கத்தியிருந்தால் தேவலை.

ஜூன் 19

புதிய கட்டுரையின் நகலைக் கொடுத்தாள். என் பெயர் முதலில், அவள் பெயர் இரண்டாவது. நாலாம் பக்கத்தில் ஒரு வரி: "மழைக்குப் பிந்தைய அளவுகள் முந்தைய கணக்கின்போது கிடைக்கவில்லை."

எனக்காகப் பொய் எழுதியிருக்கிறாள். வேலையில்தான் முந்தினாள் என்றால், என்னை மன்னிப்பதிலுமா? இதையும் பொறுக்க முடியவில்லை எனக்கு.

அவள் கணினியிலேயே அந்த வரியை நீக்கிவிட்டு எழுதினேன்: "மழைக்குப் பிந்தைய எண்பத்து மூன்று நாட்களின் அளவுகள் கையில் இருந்தன. கருவிக் கோளாறு என்று தவறாக எண்ணி அவற்றை விலக்கியவர் இக்கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர்." பெயர்களை இடம் மாற்றினேன்.

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இப்படிப் போட்டா எல்லாரும் உன்னைத்தாண்ணா கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும். பதில் எனக்குத்தானே தெரியும்."

திரையில் அவள் பெயர் மேலே, என் பெயர் கீழே. வலிக்கத்தான் செய்தது. அனுப்பு என்றேன்.