மாதமா என்றால் நாளைக்கு

2022 செப்டம்பர் 4

இன்றைக்கும் பேத்தி தனுஷிகா நாலாம் நம்பர் தேயிலை மலை உச்சிக்குப் போய், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கி வந்தாள். அங்கேதான் நெட் சிக்னல் கிடைக்கும், கீழே பேச மட்டும்தான். மாலைதீவுக்குப் படிப்பிக்கப் போகிற டீச்சர்மாருக்கென்று ஒரு குரூப் இருக்கிறதாம். முந்திப் போனவர்கள் எல்லாம் சொல்லித் தருகிறார்களாம். எந்தப் பேப்பருக்கு எங்கே சீல், பெட்டியில் என்ன வைப்பது, பாடம் நடத்திக் காட்டச் சொன்னால் எப்படி நிற்பது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருசம் கணக்கு டீச்சர். அவளுக்கு நிற்கச் சொல்லித்தர ஒரு ஆள்.

அரசாங்கமே சம்பளமில்லா லீவு தந்து போ என்கிறது. பருப்பு விற்கிற விலையில் நான் எதைச் சொல்லி நிறுத்த?

செப்டம்பர் 11

அந்த ஊர்ப் பாஷைச் சொற்களைக் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். நான் அரிசி புடைத்தபடி தமிழில் கேட்க, அவள் அந்தப் பாஷையில் சொன்னாள். தண்ணீருக்கு ஃபென். நாளைக்கு என்பதற்கு மாதமா.

"மாதமா, வருசமா?" என்றேன்.

"மாதமான்னா நாளைக்கு அம்மாயி."

"அப்ப மாதத்துக்கு என்னா சொல்லுவாங்க?"

"அத இன்னும் குரூப்புல போடலீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரித்ததற்கே ஆத்திரம் வந்தது. இதே ஒற்றை அறைக் காம்பராவில், இதே மாதிரி முறத்தோடு உட்கார்ந்து, இவளைப் பெற்ற வினோதாவுக்கும் நான்தானே சொல் கேட்டேன்? சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹட்டனில் பயிற்சி வைத்தார்கள். உடுப்புக் கழுவும் மெஷின் ஓட்டப் பழக்கினார்கள் — எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கரண்ட் வராத காலம். தண்ணீருக்கு மோயா. வா என்பதற்கு தஆல். நாளைக்கு என்பதற்கு புக்ரா. ஒன்றும் மறக்கவில்லை.

போகும்போது தனுஷிகாவுக்கு நாலு வயது. போனவள் திரும்பித்தான் வந்தாள். கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் இறங்கி, அங்கே பழகின ஆளோடு குருநாகலுக்குப் போனாள். இங்கே வரவில்லை. பிள்ளை எண்ணெய் வைத்துச் சீவின தலையோடு பகல் முழுக்க ரோட்டில் நின்றது. அவளுக்கு அது ஞாபகம் இல்லையாம். அவள் மறந்ததையும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 2

பாடம் நடத்திக் காட்டும் பரீட்சைக்கு ஒத்திகை. பாடம் தெரியாத ஆள் முன்னால் நடத்திப் பழகச் சொல்லியிருக்கிறார்களாம். மூன்றாம் வகுப்போடு நின்ற என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? ரொட்டியை நாலாக வெட்டி வைத்துக்கொண்டு இங்கிலீசில் என்னமோ சொன்னாள். அரை, கால் என்று விளங்கியது. குரல் நல்ல குரல். கடைசியில், "ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

கையைத் தூக்கினேன். "எப்ப திரும்பி வருவ?"

"பாடத்தைப் பத்திக் கேளுங்க அம்மாயி."

அதைப் பற்றி எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

அக்டோபர் 27

அவளை வேலைக்கு எடுத்துவிட்டார்களாம். தீபாவளிப் பலகாரம் மிச்சம் இருந்தது, லயம் முழுக்கக் கொடுத்தாள். பக்கத்துக் காம்பரா லூர்தம்மா வாசலில் நின்று, "கெட்டிக்காரப் புள்ள, எங்க போனாலும் பொழச்சுக்குவா" என்றாள். வினோதா போகும்போதும் இதே வாசலில் நின்று இதையேதான் சொன்னாள். அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை.

2023 ஜனவரி 13

போய்விட்டாள். பொங்கலுக்கு ரெண்டு நாள் இருந்து போகக் கூடாதா? தலவாக்கலை வரைக்கும் கூடப் போனேன்.

"மார்கழி லீவுக்கு வந்துருவேன் அம்மாயி. சத்தியமா."

"சத்தியம் பண்ணாதடி."

வேனில் ஏறின பிறகு திரும்பிப் பார்த்தாள். அதைச் சொல்ல வேண்டும், பார்த்தாள். வினோதா பார்க்கவில்லை.

மார்ச் 5

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன். அங்கே ஞாயிறும் பள்ளிக்கூடமாம், இடைவேளையில் எடுக்கிறாள். மீன் வாடை பழகிவிட்டதாம். லீவு எப்போது என்று கேட்டேன். இப்போதுதானே வந்தேன் என்கிறாள்.

டிசம்பர் 17

வரவில்லை. லீவில் ஏதோ கோர்ஸ் படிக்கிறாளாம். அடுத்த லீவுக்கு நிச்சயமாம். நான் ஒன்றும் திட்டவில்லை. புக்ரா என்றேன். "என்னாங்க?" என்றாள். உன் அம்மாவிடம் கேள் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

2024 ஆகஸ்ட் 25

அந்த அடுத்த லீவும் போய்விட்டது.

லூர்தம்மாவின் பேத்தி டிலுக்ஷியும் டீச்சர். அவளும் போகப் போகிறாளாம். "பாட்டி, நம்ம அக்கா வீடியோ போட்டிருக்காங்க, பாருங்க" என்று மலை உச்சியில் போனில் இறக்கிக்கொண்டு வந்து காட்டினாள். இப்போது குரூப்பில் சொல்லித்தருவது தனுஷிகாதான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். சான்றிதழ் எல்லாம் ரெண்டு ரெண்டு பிரதி எடுங்க. மிளகாய்த்தூளும் கருவாப்பட்டையும் கொண்டு வாங்க. மழை பெஞ்சா போட் ஓடாது, பயப்படாதீங்க. எல்லாம் விளங்கும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

கடைசியாக ஒன்று: "திரும்பி வாற தேதிய மட்டும் வீட்டுல சொல்லிடாதீங்க. சொன்னா ஒவ்வொரு போனுக்கும் அதையேதான் கேப்பாங்க. நம்ம மனசு ஒடஞ்சு போகும்."

டிலுக்ஷி போனை மூடிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டாள். நல்லாத்தான் சொல்லித்தருகிறாள். என்ன குறை சொல்ல?

செப்டம்பர் 1

போன் வந்தது. முழங்கால் வலி, கோழி அடை உட்கார்ந்தது, ஓயாத மழை எல்லாம் சொன்னேன். லீவைப் பற்றிக் கேட்கவில்லை. நான் கேட்பேன் என்று அவள் காத்திருந்தாள். நான் கோழிக்கு வைத்த முட்டை எத்தனை என்று சொன்னேன்.

"சரிங்க அம்மாயி, இங்க மணி அடிச்சிருச்சு. நாளைக்கு எடுக்கிறேன்."

"மாதமா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். "இன்னும் மறக்கலியா நீங்க" என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டு வைத்தாள். அந்த ஊர்ப் பாஷையில் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நான் தமிழில்தான் கேட்டேன்.