காலி டிரெய்லர்

நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். டிரெய்லர் சாவி ஆணியில்.

வண்டித் தரகர் பத்து மணிக்குப் புது பிக்கப்போடு வருகிறார். போன தடவை மாதிரி காலி டிரெய்லரை மாட்டிப் பார்த்து, "என்னமா இழுக்குது!" என்று பூரித்துப்போகாதீர்கள். இழுப்பது பெரிதில்லை, பாரத்தோடு நிற்க வேண்டும். நான்கு மாடுகளையும் ஏற்றி, பாலத்து இறக்கத்தில் பிரேக் போட்டுப் பாருங்கள். அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன். "உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்று தரகர் எதிரிலேயே வாயை அடைத்தீர்கள். பிறகு மாடுகளை ஏற்றிப் போகையில், அதே இறக்கத்தில் டிரெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கவிழ்ந்தபோது, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

பி.கு.: நான்கு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். செவலைப் பசுதான் வண்டி கவிழ்ந்த அன்றைக்கே செத்துவிட்டதே. மூன்றை ஏற்றுங்கள். செவலை நின்ற இடத்தில் நீங்கள் ஏறி நில்லுங்கள். வண்டியை நான் வந்து ஓட்டுகிறேன்.