பெயர் போட்டால் தொடக் கூடாது

மார்ச் 2

அன்புள்ள குட்டிக்கு,

நலம். நலம்தானே?

வரலாறு குறித்துக்கொள்ள வேண்டிய முடிவொன்றை எங்கள் குழு நேற்று ஒருமனதாக எடுத்தது: ஒரு ஃபோல்டருக்கு ஒருவர் பெயர் போட்டுவிட்டால், இன்னொருவர் அதைத் தொடக் கூடாது. பல சுற்றுத் தேநீருக்கும் ஒரு வெளிநடப்புக்கும் பிறகு வந்த முடிவு.

விஷயம் இதுதான். அரசு தன் பழைய இணையதளத்தைப் ‘பொதுமக்கள் வசதிக்காக’ இந்த மாதக் கடைசியில் மூடுகிறது. அதிலுள்ள கணக்குகளைப் பின்னால் யாராவது கேட்டால் காட்டலாமே என்று, நாங்கள் கொஞ்சம் பேர் சம்பளமில்லாமல் நகலெடுத்துக்கொண்டிருக்கிறோம். பல் டாக்டரும் ஓய்வுபெற்ற தபால்காரரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கால்நடைக் கணக்கெடுப்பை முழுசாக எடுத்துவிட்டார்கள். “என் மாட்டை நீ ஏன்யா தொட்டே?” என்று கேட்டுவிட்டுத் தபால்காரர் எழுந்து போய்விட்டார். அதனால்தான் விதி.

ஆற்று நீர்மட்டத்துக்கு இன்னும் யாரும் பெயர் போடவில்லை. மாப்பிள்ளையையும் அவர் ஓட்டிய பேருந்தையும் ஆறு இழுத்துப்போன நாளும் அதில்தான் இருக்கிறது. பாலத்தின் மேல் வெள்ளம் வந்த பிறகும் ஓட்டுநர் வண்டியை விட்டார் என்பது போக்குவரத்துத் துறையின் வாதம். தண்ணீர் திடீரென்று வந்ததா இல்லையா என்று சொல்ல வேறு சாட்சி இல்லை. அடுத்த மாத விசாரணைக்கு வக்கீல் அதைக் கேட்கிறார். நானே எடுத்துவிடட்டுமா?

அண்ணன்

மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

வேண்டாம். என் பெயரைப் போடு. அன்று அவர் போட்டுக்கொண்டு போன சட்டைக்கு இஸ்திரி போட்டவள் நான். இதையும் நானே செய்கிறேன். யாரும் தொட வேண்டாம்.

சொந்த வீட்டு மின்கட்டண ரசீதை வைத்த இடம் தெரியாதவர் நாட்டின் கணக்கைக் காப்பாற்றுகிறாராம் என்று அண்ணி போனில் சொல்லிச் சிரித்தார்கள்.

குட்டி

மார்ச் 19

அன்புள்ள குட்டிக்கு,

ரசீது கிடைத்துவிட்டது. போன வருடத்தையது.

தபால்காரர் திரும்பி வந்துவிட்டார். மாடு பற்றி யாரும் பேசுவதில்லை. பட்டியலில் உன் பெயருக்கு நேரே மட்டும் காலியாக இருக்கிறது. நான் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்துகிறேன் என்று அண்ணி சொல்கிறாள். முடியாதென்றால் ஒரு வார்த்தை சொல், நான் செய்கிறேன்.

அண்ணன்

மார்ச் 25

அன்புள்ள அண்ணா,

‘முடிந்தது’ என்று போட்டுவிட்டேன்.

நாளுக்கொரு கோப்பு. ஆறு எத்தனை வருடம் சாதுவாக இருந்திருக்கிறது தெரியுமா? கோடை முழுக்கப் பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்று எழுதுவதற்காக யாரோ ஒருவர் தினமும் வெயிலில் ஆறுவரை நடந்திருக்கிறார்.

விசாரணைக்கு வரும்போது கையில் கொண்டுவருகிறேன்.

குட்டி

ஏப்ரல் 4

அண்ணா,

அந்த ஒரு நாளை நான் எடுக்கவில்லை.

மற்ற எல்லாம் எடுத்தேன். அதைக் கடைசியில் எடுக்கலாம் என்று விட்டேன். தளம் மூடுவதற்கு முந்தின நாள்கூட அந்தத் தேதிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அன்று காலை, “மழை வரும்போல இருக்கு, லீவு போடுங்களேன்”னு சொன்னேன். “தண்ணி வந்தா வண்டியத் திருப்பிடுவேன், போடி பைத்தியம்” என்றார். திருப்ப நேரம் இருந்தது என்று அந்தக் கணக்கு சொல்லிவிட்டால், நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

நீ கேட்டபோது வெட்கமாக இருந்தது. ‘முடிந்தது’ என்று போட்டேன். தளம் மூடுவதற்குள் முடித்துவிடுவேன் என்றும் நம்பினேன்.

இன்று துணிந்து தேதியை அழுத்தினேன். நான் தேடும் பக்கம் இல்லையாம்.

உன்னிடம் ஒரு நகல் இருக்கும்தானே? சின்ன வயதிலிருந்தே நான் பார்க்காதபோது என் தட்டிலிருந்து எடுப்பவன்தானே நீ? விதியை மீறி எடுத்திருப்பாய்தானே? திட்டமாட்டேன். சொல்லு.

குட்டி

ஏப்ரல் 22

அன்புள்ள குட்டிக்கு,

நான் எடுக்கவில்லை. உன் பெயர் இருந்தது. மற்றவர்களிடமும் கேட்டேன், அவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆற்றுக் கணக்கு எடுத்த நீர்வளத் துறைக்கு எழுதினோம். பழையவற்றை வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது.

நேற்று விசாரணை முடிந்தது. நீ வராததை யாரும் கேட்கவில்லை. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் இங்கே வந்து இருக்கும்படி அண்ணி சொல்லச் சொன்னாள். மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறாள்.

கால்நடைக் கணக்கெடுப்பு இரண்டு பிரதி பத்திரமாக இருக்கிறது.

அண்ணன்