மகள் எழுதிய மருந்துச் சீட்டு

ஓசூர்

அன்பு ஷரீபாவுக்கு ஸலாம். நான் நலம், உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

முஃபீதாவிடம் சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏறினேன் என்று உன்னிடம் சொன்னது பொய். அன்று சொல்லிக்கொள்ள அவள் வேலை பார்க்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநலப் பிரிவில் மூன்று டாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் நம் பிள்ளை ஒருத்தி. வெளியே இருநூறு பேர். "அண்ணாச்சி, சீட்டு இல்லாம உள்ள விடமாட்டேன்" என்றார் வாசல் ஊழியர். டாக்டரின் வாப்பா என்று சொல்லி முந்தினால் வரிசை அவளைத்தான் ஏசும். சீட்டெடுத்து மூன்று மணி நேரம் நின்றேன்.

அவள் எழுதிக்கொண்டே, "உறக்கம் வருதா?" என்றாள். நான் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாயத் திறந்து சொல்லும் வே!" ஊழியர் அதட்டினார். இல்லை என்று தலையசைத்தேன்.

"வரலியாம், டாக்டர்."

மேலப்பாளையத்தில் ஹாஜாவுக்கா பஞ்சம்? சீட்டில் என் பெயரைப் பார்த்தும் அவள் நிமிரவில்லை. மாத்திரை எழுதி, "அடுத்த ஆளு" என்றாள். இங்கே கடையில் கைக்குட்டை வாங்குபவனைக்கூட நான் முகம் பார்த்துத்தான் அனுப்புகிறேன். பிள்ளையைக் குறை சொல்லவில்லை. இருநூறு பேரை ஒருத்தி தலையில் கட்டியவர்களைச் சொல்கிறேன்.

வீட்டில் அவள் பேசாவிட்டால் ஏசாதே. சோறு கட்டிக்கொடு, திரும்பி வரும் டிபன் பாக்ஸைத் திறந்து பார். நான் ஆஸ்பத்திரிக்கு வந்ததை அவளிடம் சொல்லிவிடாதே. மாத்திரை வாங்கவில்லை, சீட்டு சட்டைப்பையில்தான் இருக்கிறது. உறக்கம் வராதது என்னவோ நிஜம்தான்.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

ஹாஜா