குளத்தில் மிதந்த மயில்கழுத்து நிறம்

அன்பு மகள் ரேவதிக்கு, செவிலிமேட்டின் சக்கரவர்த்தியும் உன் அப்பா போன நாளிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பனுமாகிய கண்ணாயிரம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி ரேணுகாம்பாளும் அவளுடைய முழங்கால் வலியும் ஆக மூன்று பேரும் சௌக்கியம். டென்மார்க்குல நீயும் மாப்பிள்ளை பிரேம்நாத்தும் குளிருக்குக் காதை மூடிக்கினு நல்லபடியா இருக்கணும்னு ஏகாம்பரநாதரைக் கேட்டுக்கினு இருக்கேன். போன்ல சொல்லாம எதுக்குக் கடுதாசின்னு நினைப்பே. போன்ல சொன்னா நீ ஸ்பீக்கர்ல போடுவே, மாப்பிள்ளை கேட்பார், அடுத்த நிமிஷம் அவங்க அப்பா காதுக்குப் போயிடும். இது உனக்கு மட்டும், படிச்சிட்டுக் கிழிச்சிடு.

எங்க மாமனார் சாயத்தண்ணியை விட்டுத்தான் குளத்து மீனெல்லாம் செத்துதா, பட்டறையைப் பூட்டப் போறாங்களாமேன்னு அழுதுக்கினே கேட்டியே, முழுசா சொல்றேன் கேளு. நம்ம தெருக்கோடிக் குளத்தை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருக்கிறானே ஜான்சன், கோடை முடிஞ்சு முதல் மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில அவன் போட்ட கூச்சல்ல காமாட்சி கோயில் கோபுரத்துப் புறா எல்லாம் வேலூருக்கே பறந்துபோச்சு. ஓடிப்போய்ப் பார்த்தா, குளம் பூராவும் மீன் மல்லாந்து கிடக்குது. தண்ணி மேல பச்சை, நீலம், ஊதான்னு மயில்கழுத்து நிறத்துல ஒரு படலம் மினுக்குது. நம்ம ஊர்க்காரங்க புத்திதான் உனக்குத் தெரியுமே, தண்ணியில நிறத்தைப் பார்த்தா சாயக்காரன் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. குளத்தை ஒட்டிச் சாயப்பட்டறை வெச்சிருக்கிறவர் உன் மாமனார் வீராசாமி ஒருத்தர்தான். ஞாயித்துக்கிழமை கூடிப் பட்டறையைப் பூட்டிடறதுன்னு தெருவே முடிவு பண்ணிடுச்சு. அந்த மனுஷன் நான் விடலைன்னு ஒரு தடவை சொன்னார், அப்புறம் சோறே இறங்கலையாம்.

எனக்கும் அவர் மேல சந்தேகம்தான், உன்கிட்ட மறைப்பானேன். உன் கல்யாணப் பந்தியில ரசத்துல தண்ணியைக் கலக்கச் சொன்னது அவர்தான்னு இன்னிக்கும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனா ஒண்ணு இடிச்சுது. அப்படி மினுக்குற நிறத்தை அவர் பட்டுல ஏத்தத் தெரிஞ்சவரா இருந்தா இந்நேரம் காஞ்சிபுரத்தையே விலை பேசியிருப்பாரே! அதனால என் சந்தேகத்தைப் பாதி பிரிச்சு ரோடு மேல வெச்சேன். போன வருஷம் அகலப்படுத்தினாங்களே பெரிய ரோடு, அதோட மழைத்தண்ணிக் கால்வாயைக் குளத்துக்குள்ள திருப்பிவிடச் சொல்லி ஜான்சனே கான்ட்ராக்டர் பின்னாடி அலைஞ்சான். குளம் நிறையப்போவுதுன்னு நாங்க தேங்காய் உடைச்சோம், அவன் கேக் வெட்டினான். அந்த ரோட்டுல ஓடுற லாரி, பஸ், ஷேர் ஆட்டோ அத்தனைக்கும் டயர் வழுக்கையாவுதே, அந்த முடியெல்லாம் எங்கேம்மா கொட்டுது? சொட்டுற ஆயில் எங்கே போவுது? ரோடு எஞ்சினியரைப் பிடிச்சுக் கேட்டேன். மழைத்தண்ணி சுத்தமானது பெரியவரேன்னார். சொல்லிட்டு பாட்டில் தண்ணியைத் திறந்து குடிச்சார். எனக்குச் சந்தேகம் மலையா வளர்ந்துடுச்சு.

அடுத்த மழை கறுத்துக்கினு வந்தப்போ என் வெள்ளை வேட்டி ஒண்ணை ரெண்டாக் கிழிச்சேன். உன் சித்தி, இந்த மனுஷனைக் கட்டினதுக்கு நான் கல்லைக் கட்டிக்கினு கிணத்துல இறங்கியிருக்கலாம்னு தெருவுக்கே கேக்க வாழ்த்தினாள். முதல்ல ஒரு பாதியை உன் மாமனார் பட்டறைக் கால்வாய் வாயில கட்டினேன், அப்புறம்தான் இன்னொரு பாதியை ரோட்டுக் கால்வாய் வாயில. மழை விட்டதும் எடுத்துப் பார்த்தா பட்டறைத் துணியில வெறும் செம்மண். ரோட்டுத் துணி அடுப்புச் சட்டி அடி மாதிரி கறுப்பு, மெக்கானிக் கடை நாத்தம், தேய்ச்சா ரப்பர் துருவல் மாதிரி கையில உருளுது, எந்த சோப்புக்கும் போவலை.

ஞாயித்துக்கிழமை ரெண்டையும் கொடி மாதிரி தூக்கிப் பிடிச்சுக் கூட்டத்துல நின்னேன். ஜான்சன் பூட்டைக் கையில வெச்சுக்கினு, அண்ணே நீங்க சம்பந்திக்காகப் பேசறீங்க, இந்த வேட்டியில வீட்டுச் சட்டி துடைச்சிருக்கீங்கன்னான். அவன் இடத்துல இருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அப்படின்னா அடுத்த மழைக்கு உன் துணியை நீயே கட்டுடான்னு சொல்லிட்டேன், அதுவரைக்கும் பூட்டு வேணாம்னு தெருவும் ஒத்துக்கிச்சு. மழையும் வந்துது. ஜான்சன் ரெண்டு வாயிலயும் தானே துணியைக் கட்டிட்டு, மழை விடற வரைக்கும் நனைஞ்சிக்கினே காவல் இருந்தான். எடுத்துப் பார்த்தா அதே செம்மண், அதே கறுப்பு. பூட்டைச் சட்டைப் பையில போட்டுக்கினு போய் மணல் மூட்டையோட வந்தான், ரோட்டுக் கால்வாய் வாயை அடைக்க. மூட்டை தூக்கினதுல உன் மாமனாரும் ஒருத்தர். இப்போ தண்ணி ரோட்டுலயே தேங்கி நிக்குது, பஸ்ல போறவங்க எங்களைத் திட்டறாங்க, எஞ்சினியர் மூட்டையை எடுக்க ஆள் அனுப்புவார்னு எனக்குச் சந்தேகம். நானும் ஜான்சனும் மாத்தி மாத்திக் காவல் இருக்கோம்.

நேத்து உன் மாமனார் வீட்டுக்கு வந்தார். காபியை ஆத்திக்கினே மெதுவா, சம்பந்தி, அந்த வேட்டித் துணியை முதல்ல எந்தக் கால்வாயில கட்டினீங்கன்னு கேட்டார். ரோட்டுலதான்னு கண்ணைச் சிமிட்டாம சொன்னேன். அவர் காபியைக் குடிச்சு முடிச்சுட்டு என் கையைப் பிடிச்சுக்கினார். நம்பினாரா, தெரிஞ்சுக்கினே பிடிச்சாரான்னு இன்னும் எனக்குப் பிடிபடலை.

நீயும் மாப்பிள்ளையும் வயிறார சாப்பிட்டு, வாய்விட்டுச் சிரிச்சு, நூறு வருஷம் இருங்க. முக்கியமா ஒண்ணு, மாப்பிள்ளையை இன்னிக்கே அவங்க அப்பாவுக்குப் போன் போடச் சொல்லு, பையன் குரலைக் கேட்டா அவருக்குச் சோறு இறங்கும். துணியைப் பத்திப் பேச்சு வந்தா, சித்தப்பா முதல்ல ரோட்டுலதான் கட்டினாருன்னு நீயும் அடிச்சுச் சொல்லணும்மா.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
செ. கண்ணாயிரம்