ஹால்டேனும் எங்கள் மூன்று வீடுகளும்

ஜூன் 3, 1886

டோபி வீடு கட்டி முடித்துவிட்டான். வீடாம்! காய்ந்த புல்லைக் கட்டுக்கட்டாக அடுக்கி, மேலே கிழிந்த கூடாரத் துணியைப் போர்த்தியிருக்கிறான். அவரவர் நிலத்தில் அவரவர் வீடு கட்டிக் குடியிருந்தால்தான் சர்க்கார் பட்டா தரும். அதனால்தான் நாங்கள் மூவரும் ஓடையோரம் மூன்று இடத்தில் கிடக்கிறோம். தம்பி வீடு இந்த லட்சணம். என் பலகை வீடு பாதியில் நிற்கிறது. ஹெஸ்டர் அக்கா இன்னும் கல் சுமந்துகொண்டிருக்கிறாள்.

மாலையில் ஹால்டேன் வந்தான். இந்த வயோமிங் சமவெளி முழுவதையும் தன் மாடுகள் மேய்வதற்காகவே கடவுள் படைத்தார் என்று நினைக்கும் ஆள். குதிரையைவிட்டு இறங்கவில்லை.

“ஏன் தம்பி, புல்லுல வீடு கட்டியிருக்கியே, என் மாடுங்க என்ன திங்கும்னு தெரியுமா உனக்கு?”

கூட வந்த கௌபாய்கள் சிரித்தார்கள். டோபியும் சேர்ந்து சிரித்தான், மடையன்.

ஜூன் 9

டோபிக்கு வீடில்லை.

ஜூன் 10

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. டோபி விறகு வெட்டப் போயிருந்த நேரம் பார்த்து மந்தையை அந்தப் பக்கம் ஓட்டிவிட்டார்கள். அவன் திரும்பி வந்தபோது சுவரில் பாதி மாடுகளின் வாயில், மீதி குளம்படியில்.

ஷெரிஃபிடம் போனோம். “மாடு புல்லைத் தின்னா நான் யாரைப்பா ஜெயில்ல போடறது?” என்று கேட்டார்.

இனி டோபி என்னோடு. குறட்டை விடுகிறான். அதற்கும் ஹால்டேன்தான் காரணம்.

ஆகஸ்ட் 17

காலையிலேயே கதவைத் தட்டினான் அந்த ஆள்.

“கோரா, கதவைத் திற. பேசிட்டுப் போயிடறேன்.”

“அங்கேருந்தே பேசுங்க.”

“ஓடைத் தண்ணி என் மாட்டுக்கு வேணும். மூணு பேரும் மூட்டையைக் கட்டுங்க. நல்லபடியா சொல்றேன்.”

“கெட்டபடியா சொன்னாலும் போகமாட்டோம்!” இது டோபி. என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

கயிறு வீசும் சத்தம் கேட்டது. நாலு மூலைத் தூணிலும் சுருக்கு விழுந்தது. அவன் ஆட்கள் குதிரைகளைத் தட்டி இழுத்தார்கள். வீடு முழுக்க ஒரு முனகல் — பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினோம். பின்னால் வீடு சரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன், நின்றிருந்தால் கல்லை எடுத்து அவன் மண்டையைப் பார்த்து வீசியிருப்பேன். ஒவ்வொரு ஆணியும் நான் அடிச்சது. பாவி, நாசமாப் போக. வேற ஒண்ணும் எழுத வரல.

ஆகஸ்ட் 18

ஹெஸ்டர் வீட்டில் இருக்கிறோம். “வாங்க, வாங்க. சீக்கிரமா கட்டி முடிச்சவங்கெல்லாம் வாங்க” என்றாள். அப்புறம் என் உள்ளங்கையில் ஏறியிருந்த மரச் சிராய்களை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 6

இந்த வீட்டுக்கும் வந்தான். கல் சுவரில் சுருக்கு மாட்ட இடமில்லை. புகைபோக்கியில் மாட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்தது, குதிரை மிரண்டது, ஹால்டேன் ஓடைச் சேற்றில் சப்பென்று உட்கார்ந்தான். அவன் ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

ஹெஸ்டர் ஜன்னலைத் திறந்து, “துண்டு வேணுமா ஐயா?” என்றாள்.

“சிரிங்கடி. குளிர்காலம் வரட்டும். பட்டினி கிடந்து தானா ஓடுவீங்க.”

நவம்பர் 20

கடைக்காரர் மாவு இல்லை என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மாவு மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. யார் சொல்லிவைத்தது என்று கேட்க வேண்டுமா? இன்று முயல் சூப். நாளையும் முயல்தான்.

ஜனவரி 10, 1887

பனிப்புயல். கதவு புதைந்துவிட்டது, ஜன்னலும். பட்டப்பகலில் விளக்கு எரிகிறது.

மதியம் கூரைமேல் ஏதோ நடமாடியது. “ஓநாய்” என்றான் டோபி. புகைபோக்கி வழியாகக் குரல் வந்தது: “யாராவது... புகையைப் பாத்து வந்தேன்... உள்ள விடுங்க.”

யார் குரல் என்று எனக்குத் தெரிந்தது. அடியில் பெரிய கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

“வரட்டும். நேரா கொப்பரையில விழட்டும்” என்றேன். நிஜமாகவேதான் சொன்னேன். இங்கே மாற்றி எழுத மாட்டேன்.

“அந்தப் பக்கம் பிடி, கோரா. இறக்கணும்” என்றாள் ஹெஸ்டர்.

“முடியாது. உன் அடுப்பு, உன் கொப்பரை, நீயே இறக்கு.”

“தனியா தூக்கினா என் கை வெந்துடும்டி. பிடி.”

பிடித்தேன். அவள் கைக்காக. டோபி சாம்பலைத் தள்ளி நெருப்பை மூடினான். கரி மூட்டைபோல் வந்து விழுந்தான் ஹால்டேன். புருவமெல்லாம் பனிக்கட்டி.

ஜனவரி 12

இன்னும் இங்கேதான் இருக்கிறான். எங்கள் சூப்பைக் குடிக்கிறான். அவன் நன்றி சொல்லவில்லை. நானும் அவன் கிண்ணத்தை நிரப்பவில்லை.

இன்றுதான் வாயைத் திறந்தான். “வேலியோரமா நின்னது நின்னபடியே செத்துப்போச்சுங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன்.”

“என் வீட்டைத் தின்ன மாடுங்களா?” என்றான் டோபி.

கோபப்படுவான் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பரிதாபப்படப் போவதில்லை.

மே 4

பனி போய்விட்டது. ஹெஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி என் நிலத்திலும் கல் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஹால்டேனின் பெரிய பலகை வீடு பனிப் பாரத்தில் நொறுங்கிவிட்டதாம். மந்தை இல்லாததால் ஆட்களும் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். போன வாரம் நடந்தே வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஹெஸ்டரிடம் கேட்டான்: “ஏம்மா, கல்லுல எப்படிக் கட்டினே?”

“சுமந்துதான்” என்றாள்.

இப்போது ஓடைக்கு அக்கரையில் சுமக்கிறான். டோபி வேறு உதவப் போகிறான், துரோகி.

இன்று துணி காயப்போடும் சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலைக் கல்லைத் தப்பாக வைத்தான். அதன்மேல் அடுக்கினால் சுவர் சாயும். சாயட்டும், எனக்கென்ன? ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டேன். இன்னொன்றையும் போட்டேன். அவன் அடுத்த கல்லைத் தூக்கிவிட்டான்.

ஓடையில் இறங்கி நடந்தேன். “தள்ளுங்க” என்றேன். தள்ளி நின்றான். கல்லைப் புரட்டிச் சரியாக வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன்.

பாவாடை முழங்கால் வரைக்கும் ஈரம். ஹெஸ்டர் பார்த்தாள், கொடியில் போர்வையைத் தள்ளி அதற்கும் இடம் விட்டாள்.