நான்கு பட்டை வைத்த கோட்

தி. நகர், சென்னை
17 நவம்பர் 2024

அன்புள்ள மாப்பிள்ளை கேப்டன் பாலகணேஷ் அவர்களுக்கு,

அய்யாதுரை எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் லாவண்யாவும் சௌக்கியம். அபிராமபுரம் போய் உங்கள் அம்மாவையும் பார்த்துவிட்டு வந்தேன். அவர்களும் சௌக்கியம், முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்பதில்லையாம். டெல்லியில் குளிர் என்று டிவியில் காட்டுகிறார்கள். ஆகாயத்தில் இன்னும் அதிகமாக இருக்கும். மஃப்ளர் கட்டிக்கொள்ளவும்.

போனில் பேசினால் என்ன என்று லாவண்யா கேட்கிறாள். நான் போன் செய்யும்போது நீங்கள் பறந்துகொண்டிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் தூங்குகிறீர்கள். மாப்பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பி நல்ல பெயர் வாங்கிய மாமனார் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. ஈரோட்டு மில்காரர்களுக்குக் கடிதம் எழுதிப் பழகிய கை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு விஷயம். தை மாதக் கடைசி முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. உங்கள் லீவு உறுதியானதா என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காமல் அலைகிறவர்கள் உண்டு. மண்டபம் கிடைத்து மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்ற பேச்சு வரக் கூடாது.

அடுத்தது, வரவேற்புக்கு உங்களுக்குக் கோட். கடையில் துணியும் டெய்லரும் இருக்கும்போது வெளியே தைக்கக் கொடுப்பது மரியாதை இல்லை. தென்சென்னையில் பாதிப் பிள்ளைகள் நம் கடை யூனிஃபார்மில்தான் பரீட்சை எழுதுகிறார்கள். நம் டெய்லர் கபாலி, சிந்தாதிரிப்பேட்டைக்காரர், அவர் ஆறாம் வகுப்புக்குத் தைத்த சட்டை எட்டாம் வகுப்பு வரை வரும். வளரும் பிள்ளை என்று உள்ளே துணியை மடித்து விட்டுவிடுவார். அவர் உங்கள் தோள் அளவும் கை அளவும் கேட்கிறார். விமானி போடும் மாதிரியே தைக்க வேண்டும் என்பது உங்கள் அத்தையின் ஆசை.

இத்துடன் அழைப்பிதழ் மாதிரி வைத்திருக்கிறேன். ‘கேப்டன்’ என்பதை மட்டும் தங்க எழுத்தில் போடச் சொன்னேன்.

தங்கள் நலம் விரும்பும்,
அ. அய்யாதுரை


பாட்னா
26 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். கடிதமும் மாதிரியும் டெல்லி அறைக்கு வந்து சேர்ந்தன. இதைப் பாட்னா ஓட்டலில் இருந்து எழுதுகிறேன். தாளும் பேனாவும் ஓட்டலுடையவை. என் உத்தியோகத்தில் இலவசமாகக் கிடைப்பவை இவை இரண்டும்தான்.

முதலில், ‘கேப்டன்’ என்பதை எடுத்துவிடுங்கள். விமானத்தில் இடப்பக்கம் உட்காருகிறவர் கேப்டன். அவருக்குத் தோளிலும் கையிலும் நான்கு பட்டை. நான் வலப்பக்கம் உட்காருகிறவன். எனக்கு இரண்டு பட்டை. இடப்பக்கம் போகப் பல வருடம் ஆகும். அது வரை யாராவது கேப்டன் என்று போட்டுக்கொண்டால் எங்கள் தொழிலில் அதைப் பெரிய குற்றமாகப் பார்ப்பார்கள்.

அடுத்தது சம்பளம். பணி இன்னும் உறுதியாகவில்லை. பயிற்சிக்காலத் தொகைதான் வருகிறது. அதற்கு மேல் கிடைப்பது பறக்கும் நேரத்துக்கு. விமானம் நகர ஆரம்பித்த நிமிடத்திலிருந்து போய் நின்ற நிமிடம் வரைதான் கணக்கு. அதற்கு முன்னால் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் அது என் சொந்த ஆர்வம். விமானம் ஓட்டப் படித்ததற்கான கடன் அம்மாவின் வீட்டின் மேல் இருக்கிறது. இந்த ரக விமானத்தை ஓட்டக் கற்றதற்குத் தனிக் கடன். வருவதில் பெரும்பகுதி வங்கிக்குப் போகிறது. கம்பெனியை விட்டு வெளியே போகவும் முடியாது; ஒப்பந்தம் இருக்கிறது.

லீவு பற்றி. தை மாதம் டெல்லியில் பனிமூட்டம். பனியில் இறங்க அனுமதி உள்ளவர்கள்தான் ஓட்டலாம். எனக்கு அந்த அனுமதி இன்னும் வரவில்லை, ஆகவே ஓட்ட முடியாது. ஓட்டாததால் பணம் குறையும். ஆனால் லீவும் கிடையாது, ஏனென்றால் ஆள் பற்றாக்குறை. இதை இரண்டு முறை படித்தாலும் இப்படித்தான் இருக்கும். விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும் பெண் பார்க்க வந்த அன்றே உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டு இன்னொரு வடை வைத்தீர்கள். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

அன்புடன்,
பாலகணேஷ்


தி. நகர், சென்னை
9 டிசம்பர் 2024

அன்புள்ள மாப்பிள்ளை கேப்டன் அவர்களுக்கு,

கடிதத்தை உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். இவ்வளவு தன்னடக்கம் இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கிடையாது என்று கண் கலங்கினாள். தெருமுனை ஆட்டோவுக்கே வெயிட்டிங் சார்ஜ் உண்டு. அவ்வளவு பெரிய கம்பெனி கொடுக்காமல் இருக்குமா? வருமானத்தைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் எங்கள் உஸ்மான் ரோடு வியாபாரிகளுக்கும் உண்டு. நல்ல பழக்கம்தான். மாமனாரிடம் வேண்டாம்.

அழைப்பிதழ் உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அச்சாகிவிட்டது. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது கபாலீஸ்வரருக்கு. மூன்றாவது மாப்பிள்ளையின் மேலதிகாரிக்கு வைப்பதுதான் முறை. தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பூ வைத்து எடுத்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் உங்கள் கம்பெனி ஆபீசுக்கே போய்விட்டேன். உள்ளே ஒரு ஏர் ஹோஸ்டஸ் அம்மா நின்றிருந்தார். நல்ல மாதிரி. “எங்க மாப்பிள்ளை கேப்டன் பாலகணேஷோட கல்யாணம்மா. தட்ட வாங்கி உள்ள இருக்க பெரிய கேப்டன்ட்ட சேத்துருங்க” என்றேன். அந்த அம்மா பத்திரிகையை நிதானமாகப் படித்துவிட்டு, கட்டாயம் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். லீவு விஷயத்தையும் காதில் போட்டு வைத்தேன்.

கை அளவு கேட்டேன், வரவில்லை. நாள் நெருங்குகிறது என்று கபாலி நிச்சயதார்த்தப் போட்டோவைப் பார்த்தே வெட்டித் தைத்துவிட்டார். பட்டை இரண்டுதான் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறாரே என்று கேட்டதற்கு, “இன்னா மொதலாளி, ரெண்டு வச்சா ஸ்கூல் லீடர் மாரி கீது. நாலா அட்ச்சிட்டேன். கூலி வாணாம், என் மொய்யா வச்சிக்கோ” என்றார். பார்ப்பதற்கும் நாலுதான் எடுப்பாக இருக்கிறது. இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்த்து எழுதவும்.

தங்கள் நலம் விரும்பும்,
அ. அய்யாதுரை


டெல்லி
21 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம்.

நீங்கள் தட்டைக் கொடுத்தது ஏர் ஹோஸ்டஸிடம் அல்ல. அவர் கேப்டன் சாருலதா. தெற்கே எங்கள் கம்பெனியின் தலைமை விமானி அவர்தான். என்னைப் போன்ற பயிற்சி விமானிகள் எந்த ஊரில் இருந்தாலும் அவர் பொறுப்பு. நீங்கள் சொன்னபடி பெரிய கேப்டனிடம் தட்டு அப்போதே சேர்ந்துவிட்டது.

போன வாரம் சென்னையில் இறங்கியபோது கூப்பிட்டார். மேசையில் நம் பத்திரிகை இருந்தது. உட்காரச் சொன்னார். “உங்க மாமனார் உங்களுக்கு நாலு பட்டை போட்டுட்டார். எனக்கு இருக்குற நாலை அவர் பாக்கலை” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லாத பதவியைப் போட்டுக்கொண்டதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார், கொடுத்தேன். இந்த மாதம் வரவேண்டிய பணி உறுதி தள்ளிப்போயிருக்கிறது. அது வரை பயிற்சித் தொகைதான். இந்த நிலையில் லீவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் மட்டும் இப்போது என்னைக் கேப்டன் என்றே கூப்பிடுகிறார்கள். நீங்கள் ஒருவர் கூப்பிட்டபோது இவ்வளவு உறுத்தவில்லை.

கோட் வந்தது. கை நீளம், தோள் தொங்குகிறது. அதுவல்ல காரணம். நான்கு பட்டை வைத்ததை நான் போட முடியாது. பட்டையைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டாலும் பத்திரிகையில் இருப்பவன் நான் இல்லை. ஆகவே திருப்பி அனுப்புகிறேன். கபாலி அண்ணனிடம் தவறாக நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாமா, நீங்கள் ஒரு கேப்டனுக்குப் பெண் கொடுப்பதாக ஊரைக் கூட்டியிருக்கிறீர்கள். அந்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. இருப்பவனை வைத்து யோசித்து, கல்யாணத்தைத் தள்ளி வைப்பதா நிறுத்துவதா என்று நீங்கள் எது சொன்னாலும் நானும் அம்மாவும் ஏற்றுக்கொள்வோம். வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது பொய்யாகிவிடும்.

பாலகணேஷ்


தி. நகர், சென்னை
11 ஜனவரி 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கை ஓடவில்லை.

பார்சல் வந்த நேரம் கடையில் என் மைத்துனன் தனபாலன் இருந்தான். நகைக்கடை வைத்திருப்பவன், எதையும் உரசிப் பார்க்காமல் விட மாட்டான். பிரித்ததும் அவன்தான் முதலில் பேசினான். “கல்யாணத் துணி திரும்பி வந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா அத்தான்? எங்கயாச்சும் திரும்பி வந்திருக்கா?” என்றான். எங்கள் கடைக்கு எத்தனையோ துணி திரும்பி வந்திருக்கிறது. பொத்தான் இல்லை என்று, நிறம் மாறிவிட்டது என்று, பிள்ளை பள்ளி மாறிவிட்டான் என்று. மாப்பிள்ளைக் கோட் திரும்பி வந்தது இல்லை. கபாலி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

உங்கள் கடிதத்தைத் தனபாலனிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, “பைலட்டுன்னு சொன்னாங்க. பாத்தா நம்ம லோடு வண்டி கணக்கால்லா இருக்கு, ஓடுனாத்தான் காசு. நிறுத்திருங்க அத்தான், இன்னும் நாள் இருக்கு” என்றான். மனசுக்குள் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் மறைப்பானேன்.

வீட்டில் லாவண்யாவைக் கூப்பிட்டு உங்கள் கடிதம் இரண்டையும் படிக்கச் சொன்னேன். படிக்கவில்லை. மடித்து மேசையில் வைத்தாள். “அவர் முதல் தடவ தனியா பாத்தப்பவே சம்பளச் சீட்ட எடுத்துக் காட்டிட்டார்ப்பா. லஸ் கார்னர்ல காபி குடிச்சோமே, அன்னிக்கு நான்தான் காசு குடுத்தேன்” என்றாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அவர்தான் உங்ககிட்ட சொன்னாரே, நீங்க வடை வச்சீங்க” என்றாள்.

அன்று இரவே தனபாலனுக்குப் போன் செய்து, கல்யாணம் நிற்காது என்று சொன்னேன்.

கொடுக்காத பத்திரிகைகளில் ‘கேப்டன்’ மேல் நம் கடை சைஸ் ஸ்டிக்கரை ஒட்டினோம். அந்த எழுத்துக்கு 32 சரியாகப் பொருந்தியது. எண் தெரியாமல் மேலே வெள்ளை அடித்திருக்கிறோம். பத்திரிகை வாங்கிய ஒவ்வொருவரும் முதல் வேலையாக நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்கள். முன்பே கொடுத்த வீடுகளுக்கு நேரில் போய், மாப்பிள்ளை வலப்பக்கம் உட்காருகிறவர் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதிப் பேருக்கு அது ஏதோ பெரிய பதவி என்று பட்டிருக்கிறது. நான் திருத்தவில்லை, களைத்துவிட்டேன்.

மீனம்பாக்கமும் போனேன். மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று மறுபடியும் தட்டு. கேப்டன் சாருலதா அம்மா தட்டைப் பார்த்ததும், இந்த முறை யாரிடம் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். உங்களிடம்தான் அம்மா என்றேன். தப்பு என்னுடையது, பிள்ளை முதலிலேயே சொல்லியும் கேட்காமல் நான்தான் அச்சடித்தேன் என்று சொன்னேன். பணி உறுதி விதிப்படிதான் வருமாம், அதை மாற்ற முடியாதாம். லீவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே பேசினார். “பனியில இறங்க அவருக்கு அனுமதி இல்லை. டெல்லியில உக்காந்து என்ன பண்ணப் போறார்? வந்து தாலி கட்டட்டும்” என்றார். நீங்கள் எழுதியதையே அவர் திருப்பிச் சொன்னால் இவ்வளவு தெளிவாகிவிடுகிறது. இடப்பக்கம் போக அவருக்குப் பதினோரு வருடம் ஆனதாம். அதுவரை வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், அவர் சம்பளத்தில் ஓடியது என்றார். லாவண்யாவுக்கும் கிண்டியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோட்டில் நான்கு பட்டையையும் கபாலி பிரித்துவிட்டார். ஊசி போன தடம் தெரிகிறது, இஸ்திரி போட்டும் போகவில்லை. அதனால் புதுத் துணி எடுத்து வைத்திருக்கிறோம். போட்டோவைப் பார்த்து இனி வெட்ட மாட்டேன், ஆளிடமிருந்து அளவு வந்தால்தான் கத்தரிக்கோலை எடுப்பேன் என்கிறார்.

அளவு வராவிட்டால் நாங்கள் புரிந்துகொள்வோம். உங்கள் அத்தை மட்டும் புரிந்துகொள்ள மாட்டாள்.

அன்புள்ள,
அய்யாதுரை


டெல்லி
18 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

லீவு உத்தரவு நேற்று வந்தது. வெளியே பனி. எதிரே இருக்கும் கட்டடம் தெரியவில்லை, ஆகவே நேரம் இருக்கிறது. அறையில் உடன் இருப்பவர் மகேஷ், அவரும் வலப்பக்கம்தான். டேப் பிடித்து அளந்தது அவர்.

தோள் பதினெட்டு அங்குலம். கை இருபத்துநான்கரை. பட்டை இரண்டு.

கையின் உள்ளே மடிப்பு விடச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுகிற அளவு போதும்.

லாவண்யாவிடம் காபிக் காசு பாக்கி இருப்பது நினைவில் இருக்கிறது.

தங்கள் மருமகன்,
பாலகணேஷ்